விண்கலக் கணினிகளின் நம்பகத்தன்மை: ஆய்வாளர் முன் மூன்று வழிகள்

விமானங்களிலும் விண்கலங்களிலும் இயங்கும் கணினிகளின் நம்பகத்தன்மையை முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொள்பவர், எந்த வகைப் பிழையை எதிர்க்கப் போகிறோம் என்பதை முதல் ஆண்டிலேயே தீர்மானித்தாக வேண்டும். கதிர்வீச்சைத் தாங்கும் சில்லை உருவாக்குதல், சாதாரணச் சில்லுகளைக் கொண்டு பிழை தாங்கும் அமைப்பைக் கட்டுதல், மென்பொருளைக் கணித முறையில் நிரூபித்தல் ஆகிய மூன்றும் வெளியிலிருந்து பார்க்க ஒரே துறையாகத் தெரிந்தாலும், அவை எதிர்க்கும் பிழை ஒன்றல்ல.

முதல் வழியின் அடையாளம் ஆர்ஏடி750. கியூரியாசிட்டி, பெர்சிவியரன்ஸ் ஆகிய இரு செவ்வாய் ஊர்திகளையும் இயக்குவது இந்தச் சில்லுதான். அதன் வேகமோ ஏறத்தாழ 200 மெகாஹெர்ட்ஸ். இத்துறையில் நுழையும் ஆய்வாளருக்குச் சிக்கல் அறிவியலில் இல்லை, நாள்காட்டியில் இருக்கிறது. வடிவமைத்த சில்லு தயாரிப்பு ஆலைக்குச் சென்று திரும்ப வேண்டும். பிறகு, விண்வெளிக் கதிர்வீச்சைப் போன்ற கற்றையைச் சில்லின் மீது பாய்ச்சும் துகள் முடுக்கியில் சோதனை நேரம் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும். வடிவமைப்பில் ஒரு தவறு நேர்ந்தால் மொத்தச் சுற்றும் மீண்டும் தொடங்கும்.

இரண்டாம் வழிக்கு வலுவான சாட்சி பெர்சிவியரன்ஸ் சுமந்து சென்ற இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டர். கைப்பேசிகளில் இருந்த ஸ்னாப்டிராகன் 801 சில்லுடன், ஐந்து முறை பறந்தால் போதும் என்ற எதிர்பார்ப்பில் சென்ற அது, 2021 முதல் 2024 வரை 72 முறை பறந்தது. இங்கே ஆய்வாளரின் அன்றாட வேலை, சிமுலேட்டரில் வேண்டுமென்றே பிழையைப் புகுத்திப் பார்ப்பது. 16 பிட் எண்ணாக, அதாவது 0, 1 ஆகிய இலக்கங்கள் பதினாறாக, வைத்திருக்கும் உயரம் 1000 மீட்டர் என்று கொள்வோம். கதிர்வீச்சால் கடைசி பிட் 0இலிருந்து 1ஆகப் புரண்டால் அது 1001 ஆகும்; யாரும் கவனிக்கப்போவதில்லை. 16384 என்ற மதிப்புக்குரிய பிட் புரண்டால் அதே உயரம் 17384 ஆகிவிடும். நிரல் நின்றுபோனால்கூட நல்லதுதான், மறுதொடக்கம் செய்துகொள்ளலாம். நிற்காமல் தவறான எண்ணுடன் அமைதியாகக் கணக்கைத் தொடர்வதுதான் அச்சம் தருவது. ஒரே கணக்கை மூன்று கணினிகளிடம் கொடுத்துப் பெரும்பான்மை விடையை ஏற்பது இதற்குப் பழைய மருந்து. அதே காப்பை மும்மடங்கு மின்சாரமும் எடையும் இல்லாமல் பெறுவது எப்படி என்பதில்தான் இன்னும் ஆய்வேடுகளுக்கு இடம் இருக்கிறது.

ஆனால் இந்த மருந்து வடிவமைப்புப் பிழைக்குப் பயன்படாது. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணத்தில், 64 பிட் தசம எண் ஒன்று 16 பிட் முழு எண்ணுக்குள் அடங்காமல் போக, திசையறி கணினி நின்றது. மாற்றுக் கணினியும் அதே மென்பொருளை ஓட்டியதால் அதே காரணத்தால் முன்னரே நின்றிருந்தது. வெவ்வேறு குழுக்களை எழுதச் சொன்னால் தப்பலாமே என்று தோன்றும். கணினி ஆய்வாளர்களான நைட், லெவசன் இருவரும் ஒரே தேவைக்குத் தனித்தனியே எழுதப்பட்ட 27 நிரல்களைச் சோதித்து 1986இல் வெளியிட்ட ஆய்வு, அவை ஒரே உள்ளீட்டில் சேர்ந்து தவறுவது, தனித்தனியே தவறுபவை என்று கொண்டால் எதிர்பார்க்கக்கூடியதைவிட மிக அதிகம் என்று காட்டியது.

மூன்றாம் வழி அந்த இடைவெளியில் நுழைகிறது. ஏர்பஸ் ஏ340 விமானத்தின் முதன்மைப் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் இயக்க நேரப் பிழைகள் (நிரல் ஓடும்போது நிகழும் பிழைகள்) இல்லை என்பதை 2003இல் ஆஸ்ட்ரே என்னும் பகுப்பாய்வுக் கருவி தானாகவே நிரூபித்தது. இதற்கு முடுக்கி வேண்டாம், ஆலை வேண்டாம். மேசையும் பொறுமையும் போதும். எனினும் நிரூபணம் அதற்குக் கொடுக்கப்பட்ட அனுமானங்களைத் தாண்டிப் பேசாது. அந்த மென்பொருள் முதலில் எழுதப்பட்ட முந்தைய ராக்கெட்டான ஏரியான் 4இன் பாதைக்குரிய வேக வரம்பைக் கொடுத்திருந்தால், ஏரியான் 5இல் வெடித்த அந்த வரியும் குற்றமற்றதாகவே தேறியிருக்கும்.

என் கணிப்பில், தரவைத் தானே உருவாக்கிக்கொள்ள முடிவதால், பெரும்பாலோருக்கு இரண்டாம் வழியே ஏற்றது. புகுத்தும் பிழைகள் கற்பனையாகிவிடாமல் இருக்க, முடுக்கிச் சோதனைகளில் வெளியான அளவீடுகளை அடிப்படையாகக் கொள்ள வேண்டும். தர்க்கத்தில் நாட்டமுள்ளவர் தயங்காமல் மூன்றாவதை எடுக்கலாம். முதல் வழியை, சோதனை நேரம் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டுள்ள ஆய்வகத்தில் சேர்பவருக்கு மட்டுமே பரிந்துரைப்பேன்.