கடற்கரை சர்வர்களுக்கு ஹார்டுவேர் வாட்ச்டாக்: எந்த டிரைவரை நம்பலாம்?

மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று இராமநாதபுரம் கரையோரத்தில் உள்ள மீன், நண்டு, ஐஸ் கம்பெனிகள் பலவற்றில் கணக்கு, குளிரறை வெப்பநிலைப் பதிவு, ஏற்றுமதி ஆவணம் எல்லாமே அலுவலக மூலையில் ஓடும் ஒரு லினக்ஸ் சர்வரை நம்பியிருக்கின்றன. அது நள்ளிரவில் உறைந்து நின்றுவிட்டால் ரீசெட் பொத்தானை அழுத்த அங்கே ஆள் இருப்பதில்லை. இராமநாதபுரத்திலிருந்து பேருந்து பிடித்து நாம் போய்ச் சேருவதற்குள் விசைப்படகுகள் கரை திரும்பி, எடை போடும் வேலை தொடங்கிவிடும். அந்தப் பொத்தானை அழுத்தும் வேலையைத்தான் வாட்ச்டாக் டைமர் செய்கிறது. எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வரும். ஏதேனும் ஒரு நிரல் அதைத் தவறாமல் புதுப்பிக்காவிட்டால் இயந்திரம் ரீசெட் ஆகிவிடும். நான் பராமரிக்கும் சர்வர்களில் ஓட்டிப் பார்த்த வாட்ச்டாக் டிரைவர்களின், அதாவது இந்த டைமரை லினக்ஸோடு இணைக்கும் நிரல்களின், மதிப்பீட்டை இங்கே தருகிறேன்.

முதலில் சாஃப்ட்டாக். இதற்குத் தனி சிப் எதுவும் தேவையில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் சொந்த டைமரிலேயே ஓடும். இயல்பாக 60 நொடி அவகாசம் தரும். கெர்னலே உறைந்துவிட்டால் இதுவும் சேர்ந்து உறைந்துவிடும் என்பதால், தூங்குகிறவனிடமே தன்னை எழுப்பிவிடச் சொன்ன கதையாக முடிகிறது. பயிற்சிக்கு நல்லது; சர்வருக்கு வேண்டாம்.

இன்டெல் சிப்செட்டுக்குள்ளேயே இருக்கும் டைமருக்கு உரியது ஐடிசிஓ டிரைவர். இது உண்மையான ஹார்டுவேர் என்பதால் கெர்னல் செத்தாலும் வேலை செய்யும்; இயல்பான அவகாசம் 30 நொடி. பிஎம்சி (சர்வரைக் கண்காணிக்க அதனுள்ளேயே இருக்கும் தனிச் சிறு கணினி) இல்லாத சிறிய டவர் சர்வருக்கு இதைவிட்டால் வேறு வழி பெரும்பாலும் இல்லை. ஆனால் சில மதர்போர்டுகளில் இயந்திரத்தைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான பயாஸ் இந்த டைமரின் ரீபூட் அதிகாரத்தைப் பூட்டி வைத்திருக்கும். அப்போது ‘நோ ரீபூட்’ என்ற பிட்டை மாற்ற முடியவில்லை என்று கெர்னல் லாகில் ஒரு வரி மட்டும் வரும். அதைப் படிக்காமல் விட்டவர் சர்வருக்குக் காவல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். உபுண்டுவில் இன்னொரு தடையும் உண்டு. வாட்ச்டாக் மாட்யூல்கள் (கெர்னலில் ஏற்றப்படும் டிரைவர் கோப்புகள்) தடைப்பட்டியலில் இருப்பதால் தாமாக ஏறுவதில்லை. சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் மாட்யூல் பட்டியலில் பெயரைச் சேர்த்தாலும் அது தடைப்பட்டியலை மதித்து ஒதுங்கிக்கொள்கிறது. வாட்ச்டாக் தொகுப்பின் அமைப்புக் கோப்பில் ‘நன்’ என்று இருக்கும் இடத்தில் மாட்யூலின் பெயரை எழுதினால் அது நேரடியாக ஏற்றப்பட்டுவிடும். மற்றொரு குறை, ரீசெட் ஏன் நடந்தது என்பதற்கான தடயம் இந்த டிரைவரில் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

பிஎம்சி உள்ள சர்வர் என்றால் தயங்காமல் ஐபிஎம்ஐ (பிஎம்சியோடு பேசும் நெறிமுறை) வாட்ச்டாக் டிரைவரைத் தேர்ந்தெடுக்கலாம். இதில் எண்ணிக்கை ஓடுவது பிஎம்சி என்ற தனிச் சிறு கணினியில். சர்வரின் பிராசஸர் முழுதாக முடங்கினாலும் அது தன் வேலையைத் தொடரும். ரீசெட் செய்த பிறகு தன் நிகழ்வுப் பதிவில் ‘வாட்ச்டாக் 2, ஹார்டு ரீசெட்’ என்று நேரத்தோடு எழுதியும் வைக்கும். காலையில் அந்த ஒரு வரியைப் பார்த்தாலே, இரவில் நடந்தது மின்வெட்டா முடக்கமா என்ற வாதத்துக்கு இடமிருக்காது. ஐபிஎம்ஐடூல் கட்டளையில் எண்ணிக்கை இறங்குவதையும், பிறகு சட்டென்று மேலே ஏறுவதையும் கண்ணாலேயே பார்க்கலாம். டிரைவரின் இயல்பான 10 நொடி அவகாசம் மட்டும் மிகக் குறைவு. பேக்கப் ஓடும் நேரத்தில் டிஸ்க் திணறினால்கூட நல்ல சர்வர் ரீசெட் ஆகக்கூடும். நான் 60 நொடி வைக்கிறேன். செயல் என்ற இடத்தில் வெறும் ரீசெட்டுக்குப் பதிலாக மின்சாரத்தை நிறுத்தித் திரும்பக் கொடுக்கும் ‘பவர் சைக்கிள்’ வைப்பது என் விருப்பம். பல டிஸ்குகளைச் சேர்த்து நடத்தும் ரெய்டு கார்டு முடங்கிவிட்டால் சில நேரம் ரீசெட்டுக்கு அசைவதில்லை.

சோதித்துப் பார்க்காத வாட்ச்டாக்கை நம்பக் கூடாது. இந்தக் கரையில் அதற்கு ஏற்ற காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஓடாததால் சர்வருக்கும் வேலை குறைவு. கெர்னலுக்கு நேரடியாக ஆணையிடும் சிஸ்ஆர்க்யூ வழியாக அதை வேண்டுமென்றே பேனிக் ஆக்குவது, அதாவது மீளமுடியாத பிழையில் நிற்கச் செய்வது, எளிய சோதனை. பேனிக் ஆனதும் தானே ரீபூட் ஆகும் கெர்னல் அமைப்பைப் பூஜ்யமாக்கி, பேனிக் நேரத்து நினைவகத்தை டம்ப்பாகச் சேமிக்கும் கேடம்ப்பையும் நிறுத்தி வைத்தால்தான் ரீசெட் செய்தது வாட்ச்டாக் என்று உறுதியாகச் சொல்ல முடியும். ஐபிஎம்ஐ டிரைவரில் இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பேனிக் வந்தவுடன் அந்த டிரைவர் நாம் கொடுத்த 60 நொடியைத் தூக்கிவிட்டு, டம்ப் எடுக்க நேரம் தருவதற்காக 255 நொடி என்று பிஎம்சியிடம் மாற்றிச் சொல்கிறது. திரையில் பேனிக் வரிகள் அப்படியே நிற்கும், ஒரு நிமிடம் போகும், இரண்டு போகும், பக்கத்தில் நிற்கும் கணக்குப்பிள்ளை “என்ன தம்பி, போச்சா?” என்று கேட்பார். நான்கு நிமிடம் தாண்டிய பிறகுதான் ஃபேன்கள் உரத்துச் சுழன்று பயாஸ் திரை வரும். அதற்குள் பொறுமையிழந்து பொத்தானை அழுத்திவிட்டு, டிரைவர் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டுவோர் உண்டு. பேனிக் அவகாசத்துக்கென்று தனி பாராமீட்டர் இருக்கிறது. கேடம்ப் பயன்படுத்தாத சர்வரில் அதைக் குறைத்துக்கொள்ளலாம்.

டிரைவரைவிட முக்கியமானது, அதை யார் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது. சிஸ்டம்டியின் அமைப்புக் கோப்பில் ‘ரன்டைம் வாட்ச்டாக் செக்’ என்ற ஒரே வரியை எழுதினால், கொடுத்த அவகாசத்தின் பாதிக்கு ஒருமுறை அதுவே டைமரைப் புதுப்பிக்கும். சுலபமானது, ஆனால் மேலோட்டமான காவல். டிஸ்க் முடங்கி டேட்டாபேஸ் பதில் சொல்லாமல் நின்றாலும், நினைவகத்தில் உயிரோடிருக்கும் சிஸ்டம்டி எல்லாம் நலம் என்று டைமரைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கக்கூடும். அதனால் டேட்டாபேஸ் உள்ள சர்வரில் வாட்ச்டாக் தொகுப்பில் வரும், பின்னணியில் ஓடும் நிரலான வாட்ச்டாக் டீமனையே வைக்கிறேன்; நாம் எழுதும் சோதனை ஸ்கிரிப்ட் தோற்றால் அது சர்வரை ரீபூட் செய்யும். டேட்டாபேஸில் ஒரு வரி எழுதி, அதையே திரும்பப் படிக்கும் ஸ்கிரிப்ட் போதும். சிஸ்டம்டி, டீமன் இரண்டையும் ஒரே வாட்ச்டாக் சாதனத்தில் சேர்த்து வைக்க முடியாது. ஒரு நிரல் திறந்துவிட்டால் அடுத்ததற்கு ‘பிஸி’ என்ற பதில்தான் கிடைக்கும்.

அந்த டீமனில் வெளி முகவரிக்கு பிங் செய்து பார்க்கும் வசதியும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் இணைய இணைப்பு அறுந்துபோகும் ஊர்களில் இதை இயக்கினால், எந்தக் குறையும் இல்லாத சர்வர் இணைப்பு திரும்பும்வரை மீண்டும் மீண்டும் ரீபூட் ஆகிக்கொண்டிருக்கும். சுமை அளவுக்கு வரம்பு வைப்பதும் இதே வகை. படகுகள் வந்திறங்கும் காலையில், எல்லோரும் பில் போடும் நேரத்தில் சர்வரைக் கொன்றுவிடும்.

‘நோ வே அவுட்’ பாராமீட்டரை இயக்கியே வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால், டீமன் ‘வி’ என்ற எழுத்தை எழுதிவிட்டு முறையாக மூடும்போது டைமர் நின்றுவிடும். யாரோ டீமனை நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்க மறந்தால் காவலும் அதோடு போயிற்று.

வாட்ச்டாக் செய்யும் ரீசெட், இயங்கும் இயந்திரத்தின் மின்கம்பியைப் பிடுங்குவதற்குச் சமம் என்பதையும் கம்பெனிக்காரர்களிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. இஎக்ஸ்டி4 போன்ற ஜர்னல் உள்ள கோப்பு முறையும், போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸும் இதைத் தாங்கும். பேட்டரி இல்லாமல் எழுதும் கேஷை (டிஸ்கில் எழுதுமுன் தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) இயக்கி வைத்த ரெய்டு கார்டு தாங்காது. உப்புக் காற்றில் ரேம் கார்டின் முனைகள் அரித்து சர்வர் அடிக்கடி உறைந்தால், வாட்ச்டாக் அதை ஒவ்வொரு முறையும் எழுப்பிவிட்டு நோயை மறைத்துவிடும். பாம்பன் பக்கம் இந்த அரிப்பு மிக அதிகம். எனவே நிகழ்வுப் பதிவில் வாட்ச்டாக் வரி புதிதாக வந்தால் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும்படி செய்திருக்கிறேன்.

விலையைப் பொறுத்தவரை, தூரத்திலிருந்து சர்வரின் திரையைப் பார்க்கும் வசதிக்குச் சில தயாரிப்பாளர்கள் தனி உரிமக் கட்டணம் வாங்குகிறார்கள். வாட்ச்டாக் ஐபிஎம்ஐயின் அடிப்படை வசதி என்பதால் அதற்கு அந்த உரிமம் தேவையில்லை. இந்தக் கரையில் புதிய சர்வர் வாங்குவோர், பிராசஸர் வேகத்தில் ஒரு படி இறங்கியாவது பிஎம்சி உள்ள மாடலையே கேட்டு வாங்கலாம்.