கமாடிட்டி டிரேடிங் ஆப்: எட்டு மாதம் வைத்திருந்து மூடிவிட்டேன்

ஈரோடு பக்கம் சின்னதாக ஒரு அரவை மில் நடத்துகிறேன். மிளகாய், மல்லி, சத்துமாவு அரைப்போம். மஞ்சள்தூளும் சீரகமும் சில்லறையாக எடை போட்டுக் கொடுப்போம். 2023 மார்ச்சில் ஒரு புரோக்கர் கம்பெனியின் கமாடிட்டி ஆப்பைப் போட்டேன். மஞ்சள், சீரகம், தங்கம் மாதிரி சரக்குகளைச் செல்போனிலேயே வாங்கி விற்கிற ஆப் அது. கம்பெனியின் பெயர் வேண்டாம். நான் சொல்ல வருவது இந்த வகை ஆப் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

"சரக்கு வாங்கி அரைக்கிற ஆளு நீங்க, அக்கா. விலை ஏறுனா அடி உங்களுக்குத்தான். ஃபியூச்சர்ல வாங்கி வச்சுட்டா இங்க போறதை அங்க எடுத்துக்கலாம்" என்று கம்பெனித் தம்பி விளக்கினார். சொன்னதில் பொய் இல்லை. ஃபியூச்சர் என்கிற முன்பேர வர்த்தகத்தில், பின்னால் வரும் ஒரு தேதிக்கான சரக்குக்கு இன்றே விலை பேசிக்கொள்கிறார்கள். அது ஏற்பட்டதே விளைவிக்கிறவனும் வாங்குகிறவனும் விலையைக் கண்டு பயப்படாமல் இருக்கத்தான்.

சேவையில் குறை இல்லை. ஆதார், பான் கொடுத்த இரண்டாம் நாள் கணக்கு திறந்துவிட்டது. ஆப் தமிழிலேயே இருக்கிறது. பணம் எடுத்தால் மறுநாள் வங்கிக்கு வந்துவிடும்.

ஆனால் மஞ்சளில் ஒரு லாட், அதாவது குறைந்தபட்சம் வாங்கவோ விற்கவோ வேண்டிய அளவு, 5 டன். எங்கள் பக்கம் ஏக்கருக்கு 20, 25 குவிண்டால் காய்ந்த மஞ்சள் வந்தால் நல்ல விளைச்சல். ஒரு லாட்டை நிரப்பவே இரண்டு, இரண்டரை ஏக்கர் வேண்டும். அப்படியே நிரப்பினாலும் விலைக்கு அடிப்படை மையம் தெலங்கானாவில் இருக்கிற நிஜாமாபாத், எங்கள் சந்தை அல்ல. ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் போடுகிற எங்கள் ஊர்க்காரர் இதை எப்படிப் பயன்படுத்துவார்? என் மில்லில் மூன்று மூட்டைக்கு மேல் அடுக்க இடமில்லை. விவசாயிக்கும் சிறு மில்லுக்கும் பாதுகாப்பு என்று சொல்லி விற்கிறார்கள், அளவோ எங்கள் இருவருக்குமே எட்டாதது. கையில் மஞ்சளும் இல்லாமல், மஞ்சள் தேவையும் இல்லாமல், மார்ஜின் பணம் (மொத்த விலையில் ஒரு பங்காகக் கட்டுகிற முன்பணம்) மட்டும் வைத்திருப்பவருக்குத்தான் இது சுலபம்.

ஜூலையில் நானும் அந்த ஆள் ஆனேன். 90 ஆயிரம் கட்டி ஒரு லாட் வாங்கினேன். குவிண்டாலுக்கு ஒரு ரூபாய் ஏறினால் லாட்டுக்கு 50 ரூபாய். ஆறாம் நாள் 900 ரூபாய் ஏறியிருந்தது, விற்றேன். 45,000 ரூபாய் லாபம். ஆறு நாளும் என் பேரில் 5 டன் மஞ்சள் இருந்தது, ஒரு விரலியைக்கூட நான் கண்ணால் பார்க்கவில்லை.

எங்கண்ணன் கொடுமுடிப் பக்கம் ஒரு ஏக்கர் மஞ்சள் போடுகிறார். ஒன்பது மாதம் தண்ணீர் கட்டி, வெட்டி, வேகவைத்து, காயப்போட்டு, அந்த மார்ச்சில் பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுபோனார். அங்கே வியாபாரி, மாதிரிக்கு வைத்த மஞ்சளில் ஒரு விரலியை எடுத்து முறித்து, உள்நிறம் பார்த்துத்தான் விலை போடுவார். குவிண்டால் ஆறாயிரத்துச் சொச்சத்துக்குப் போனது. கடன் இருந்ததால் வைத்திருக்க முடியவில்லை. சிறு விவசாயிகளில் முக்கால்வாசிப் பேர் விற்று முடித்த பிறகுதான் விலை ஏற ஆரம்பித்தது. விதைப்பு குறைவு, மழை தாமதம், ஏற்றுமதி என்று காரணங்கள் உண்மையாகவே இருந்தன. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஃபியூச்சர் விலை 16,000-ஐத் தாண்டியது. பிறகு இறங்கவும் செய்தது.

லாபத்தை அண்ணனிடம் சொன்னேன். "மஞ்சளை எங்க வாங்கி வச்சிருந்த?" என்று கேட்டார். எங்கேயும் இல்லை என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

அந்த வாரமே இன்னொன்று நடந்தது. எப்போதும் நூறு கிராம் மஞ்சள்தூள் வாங்குகிற ஒரு பாட்டி, விலையைக் கேட்டுவிட்டு, "அம்பது போடு அம்மிணி, போதும்" என்றார். தராசில் பொட்டலத்தை வைக்கும்போது செல்போன் அதிர்ந்தது. "மஞ்சள் மேலும் உயர்வு! இன்றே வாய்ப்பைப் பயன்படுத்துங்கள்!" பாட்டிக்குப் பாதியாகப் போன அதே மஞ்சள். அந்த அறிவிப்பை அனுப்பியவர்களிடம் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் தணியவில்லை. பொன்னுக்கும் பித்தளைக்கும் இப்படி அனுப்பட்டும். சீரகத்துக்கும் இதையேதான் அனுப்பினார்கள், அந்த வருடம் அது குவிண்டால் 60,000-ஐத் தொட்டது. துவரம்பருப்பு கிலோ 30-க்கும் பாமாயில் 25-க்கும் ரேஷனில் கிடைக்கிறது. மஞ்சளுக்கும் சீரகத்துக்கும் ரேஷன் ஏது?

விலை ஏற்றத்துக்கு ஃபியூச்சர்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். முன்பேர வர்த்தகத்தை ஆராய மத்திய அரசு அமைத்த அபிஜித் சென் குழுவும் 2008-ல் அப்படி உறுதியாகச் சொல்லவில்லை. துவரை முன்பேர வர்த்தகத்துக்கு 2007-லேயே தடை போட்டார்கள். ஆனாலும் 2015-ல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது, சோதனை போட்டபோது கிடங்குகளில் ஆயிரக்கணக்கான டன் பருப்பு சிக்கியது. 2021-ல் கொண்டைக்கடலை, கோதுமை, பாசிப்பயறு உட்பட ஏழு பொருள்களில் முன்பேர வர்த்தகத்தை, சந்தைகளைக் கண்காணிக்கிற செபி அமைப்பு நிறுத்தியது. தடை ஒன்றே போதும் என்று நினைக்கவில்லை. ஆனால் விலை ஏற வேண்டும் என்று ஆறு நாள் நானே வேண்டிக்கொண்டிருந்தேன். பாட்டியும் என் கடைக்கு வருகிறார், நானும் அவருக்கு எதிர்ப்பக்கம் பணம் கட்டியிருக்கிறேன். இது தப்பு என்று எனக்குத் தெரிய யாருடைய அறிக்கையும் வேண்டியதில்லை.

ஐந்து டன் விளைவிக்கிறவர்கள், ஐந்து டன் அரைக்கிறவர்கள் இந்த ஆப்பைத் தாராளமாகப் போடலாம். மற்றவர்கள் போடாதீர்கள். கணக்கு திறக்கும்போது ஆதாரைக் கேட்பதுபோல, "சரக்கு இருக்கிறதா, தேவை இருக்கிறதா" என்றும் கேட்க வேண்டும். லாட்டை ஐந்து குவிண்டாலாக்கினால் அண்ணன் மாதிரி ஆட்களுக்கும் பயன்படும்.

அக்டோபர் கடைசியில் மூடினேன். அதற்கு மட்டும் மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். காரணம் கேட்ட இடத்தில் கட்டணம் அதிகம், ஆப் மெதுவாக இருக்கிறது என்று நாலைந்து இருந்தன. "மற்றவை" என்பதைத் தொட்டு, பாட்டியின் ஐம்பது கிராமை எழுதினேன். பதில் வரவில்லை.

அந்த 45,000-ஐ அண்ணனிடம் கொடுத்தபோது சும்மா வாங்க மறுத்துவிட்டார். நவம்பரில் ஆறு மூட்டைக்கு அன்றைய சந்தை விலை பேசி, அதையே முன்பணமாகக் கொடுத்தேன். வெட்டுக் கூலிக்கும் வேகவைக்கவும் அவருக்கு உதவியது. மாசியில் முதல் மூன்று மூட்டை மில்லுக்கு வந்து இறங்கியது. ஒன்றைப் பிரித்து விரலியை முறித்துப் பார்த்தேன். நல்ல நிறம்.