சொந்தச் சேர்வரா, வாடகைப் பெட்டியா, வட்ஸ்அப்பா? திருமலைச் சங்கமொன்றுக்கு ஐந்தாண்டுக் கணக்கு

திருகோணமலை நகரில் தலைமையகம். கிண்ணியா, மூதூர், குச்சவெளியில் கிளைகள். 40 அலுவலர், 1200 அங்கத்தவர். இந்த அளவுள்ள ஒரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் தன் மின்னஞ்சலையும் செய்திப் பரிமாற்றத்தையும் அடுத்த 5 ஆண்டுக்குத் திட்டமிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எங்கள் தெரிவு இது: டொமைன் பெயர் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பகுதி) சங்கத்துக்குச் சொந்தம், அஞ்சல் பெட்டி வாடகைக்கு, அலுவலர் பேச்சுக்குச் சிறிய சொந்தச் சேர்வர், அங்கத்தவருக்கு வட்ஸ்அப்பும் எஸ்எம்எஸ்ஸும்.

டொமைனில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. இணையத்தளம் செய்து கொடுத்தவரின் பெயரில் டொமைன் பதிவாகியிருந்தால், அவரோடு மனஸ்தாபம் வரும் நாளில் 40 பேரின் முகவரியும் போய்விடும். பதிவு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். கடவுச்சொல் செயலாளரிடமும் பொருளாளரிடமும் இருக்க வேண்டும். பதிவகத்துக்குக் கொடுக்கும் தொடர்பு முகவரி அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால், அதைப் புதுப்பிக்கச் சொல்லும் அஞ்சலும் வந்து சேராது.

அஞ்சல்: மூன்று வழி

அலுவலக மூலையில் ஒரு சிறு கணினியை வைத்து அதையே அஞ்சல் சேர்வராக்குவது முதல் வழி. மின்வெட்டைக் காட்டியே பலர் இதைத் தள்ளிவிடுகிறார்கள். அது சரியான காரணம் அல்ல. சிறு கணினிக்கு 15 வாட், ரவுட்டருக்கு 10 வாட். 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி ஈய பற்றரியைப் பாதிவரை மட்டும் இறக்கினாலும் 600 வாட்-மணி கிடைக்கும். இன்வேட்டர் இழப்பு போக 20 மணிநேரம் ஓடும். 2022 மார்ச் இறுதியின் 13 மணிநேர மின்வெட்டைக்கூட அது தாங்கியிருக்கும். சேர்வர் படுத்தாலும் உள்ளே வரும் கடிதம் தொலையாது. அனுப்பும் சேர்வர் வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பத் தட்டும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சேர்வர் மென்பொருளின் இயல்பான பொறுமை 5 நாள்.

உண்மையான தடை வெளியே அனுப்புவதில் இருக்கிறது. வீட்டு, சிறு அலுவலக இணைப்புகளில் ஐபி எண் (இணையத்தில் அந்த இணைப்பின் முகவரி எண்) மாறிக்கொண்டே இருக்கும். அத்தகைய எண் தொகுதிகள் ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியல்களில் முன்கூட்டியே ஏறியிருக்கும். சேர்வருக்குச் சேர்வர் அஞ்சல் போகும் வாசலான 25ஆம் போர்ட் மூடியிருக்கலாம். ஐபியிலிருந்து பெயருக்குத் திரும்பும் பிடிஆர் பதிவை நீங்கள் போட முடியாது, இணைப்பு தருபவர்தான் போட வேண்டும். உப்புக்காற்றையும் மறக்க வேண்டாம்: கடலோரக் கட்டடத்தில் விசிறியும் செருகிகளும் துருப்பிடிக்கும் வேகத்தைக் கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களின் கணக்கில் போட முடியாது.

இரண்டாவது வழி, வெளிநாட்டுத் தரவு மையத்தில் ஒரு விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சேர்வர்) எடுத்து, அஞ்சலை அனுப்பிப் பெற போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டிகளைப் படிக்க டவ்கொட், ஸ்பாமை வடிகட்ட ஆர்ஸ்பாம்டி போடுவது. 4 ஜிபி நினைவகம் வேண்டும். கிளாம்ஏவி வைரஸ் சோதனை மட்டுமே 1 ஜிபிக்கு மேல் விழுங்கும். ஆளுக்கு 5 ஜிபி என்றால் 40 பேருக்கு 200 ஜிபி, அதற்குச் சமமான காப்புப்பிரதி இடம் இன்னொரு மையத்தில். பிடிஆர் போடலாம். ஆனாலும் புதிய ஐபிக்கு நற்பெயர் இராது. முதல் வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பித்தான் அதைச் சம்பாதிக்க வேண்டும். மாதம் 4, 5 மணிநேரம் சேர்வரின் பதிவேடு பார்க்கக்கூடிய ஒருவர் இருந்தால் இது நல்ல வழி. அந்த ஒருவர் கனடாவுக்குப் போய்விட்டால் அன்றோடு சரி.

மூன்றாவது கூகிள், மைக்ரோசொப்ட் அல்லது அதைப் போன்ற வாடகைப் பெட்டி. ஆளுக்கு மாதக் கட்டணம், அதுவும் டொலரில். ரூபாய் விழும்போது வரவுசெலவுத் திட்டம் ஆடும் என்பது 2022க்குப் பிறகு யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 40 பேருக்கும் தனிப் பெட்டி தேவையா என்று முதலில் பாருங்கள். 12 பேருக்குப் பெட்டியும் மற்றவர்களுக்குக் கிளைவாரியான பொதுப் பெட்டியும் பெரும்பாலும் போதும்.

எந்த வழியானாலும் டிஎன்எஸ் என்ற டொமைன் பதிவேட்டில் மூன்று பதிவுகள் கட்டாயம்: டொமைன் பெயரில் எந்தச் சேர்வர்கள் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப், கடிதத்தின் மின்கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவியான டிகிம், இவற்றில் தேறாததை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க். மொத்தமாக அனுப்புவோரிடம் (ஜிமெயிலின் கணக்கில் நாளொன்றுக்கு 5000 அளவில்) ஜிமெயிலும் யாகூவும் 2024 பெப்ரவரி முதல் இம்மூன்றையும் கேட்கின்றன. சிறிய அனுப்புநருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் இல்லாவிட்டால் சிக்கல்தான். வழக்கமான பிழைகள்:

- புதுச் சேவை சேர்க்கும்போது இரண்டாவது எஸ்பிஎஃப் பதிவு போடுவது. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒரு பதிவுக்குள் டிஎன்எஸ் தேடல் 10ஐத் தாண்டினாலும் அதே கதி.
- இணையத்தளப் படிவம் அனுப்பும் அஞ்சலை மறப்பது. உப்புவெளி, நிலாவெளி விடுதிகளின் முன்பதிவு உறுதிக் கடிதம் விருந்தினரின் ஸ்பாம் பெட்டியில் கிடந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. படிவம் இணையத்தளச் சேர்வரிலிருந்து போகும், எஸ்பிஎஃப்பில் அதன் பெயர் இருக்காது.
- 2048 பிட் டிகிம் சாவியை ஒரே துண்டாக ஒட்டுவது. டிஎன்எஸ்ஸில் ஒரு துண்டுக்கு 255 எழுத்துதான். இரண்டாகப் பிரித்துத்தான் போட வேண்டும்.

டிமார்க்கை உடனே கடுமையாக்க வேண்டாம். நான்கு வாரம் வெறும் கண்காணிப்பில் விட்டு அறிக்கைகளைப் படித்து, உங்கள் அஞ்சல் போகும் எல்லா வழிகளும் தேறிய பிறகுதான் தனிமைப்படுத்தல் (தேறாததை ஸ்பாம் பெட்டிக்கு அனுப்பச் சொல்வது), கடைசியில் நிராகரிப்பு.

தமிழ் எங்கே இடறுகிறது

தமிழ்க் குறியெண் (எழுத்துக்கும் அதோடு சேரும் உயிர்க்குறிக்கும் கணினி தனித்தனியாகத் தரும் எண்) ஒன்றுக்கு யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 3 பைட். அஞ்சலில் ஆங்கில எழுத்துகளாகவே போவதற்காகக் கடித உடலை பேஸ்64 முறையில் குறியாக்கினால் அது 4 ஆகும். கோட்டட்-பிரின்டபிள் முறையில் 9. இரண்டாவதை இயல்பாக வைத்திருக்கும் மென்பொருள் தமிழ்க் கடிதத்தை இரண்டு மடங்குக்கு மேல் பெருக்கிவிடும். தலைப்பு வரியில் குறியாக்கத் துண்டு ஒன்று 75 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. துண்டின் இரு முனை அடையாளமும் பேஸ்64 பெருக்கமும் போக மிஞ்சுவது 45 பைட், அதாவது 15 தமிழ்க் குறியெண். துண்டு முடியும் இடத்தில் எழுத்தின் நடுவே வெட்டும் பழைய மென்பொருள்களால்தான் தலைப்பில் கேள்விக்குறிப் பெட்டிகள் முளைக்கின்றன. நீண்ட தமிழ்த் தலைப்பொன்றை எல்லாப் பெட்டிகளுக்கும் அனுப்பிப் பார்த்த பிறகே மென்பொருளைத் தெரிவுசெய்யுங்கள்.

.இலங்கை என்ற தமிழ் டொமைன் 2010 முதல் இருக்கிறது; முழுத் தமிழ் முகவரிக்கான விதிகள் 2012இல் வந்தன; ஜிமெயில் 2014 முதல் அத்தகைய முகவரிக்கு அனுப்பும். ஆனாலும் இணையப் படிவங்கள் பல அதை இன்னும் ஏற்பதில்லை. தமிழ் முகவரியை எடுங்கள், அதே பெட்டிக்கு ஆங்கில எழுத்து முகவரியையும் மாற்றுப்பெயராக வையுங்கள்.

செய்திப் பரிமாற்றம்

அங்கத்தவரை வட்ஸ்அப்பிலிருந்து இறக்கப் பார்ப்பது வீண்வேலை. அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஒரு குழுவில் 1024 பேர்தான் சேரலாம், ஆகவே 1200 பேரைக் கிளைவாரியாகப் பிரிக்க வேண்டிவரும். குழுவைத் தொடங்கிய சிம் யாருடைய சட்டைப்பையில் இருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. சங்கத்தின் பெயரில் தனி சிம், குழுவுக்கு மூன்று நிர்வாகிகள். முதன்மைக் கைத்தொலைபேசி 14 நாள் இணையம் பார்க்காவிட்டால் கணினியில் இணைத்த கணக்கு வெளியேறிவிடும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் 3: மூன்று தடவையும் நாட்டில் சமூக ஊடகங்கள் தடைசெய்யப்பட்டபோது வட்ஸ்அப்பும் சேர்ந்தே நின்றது. அந்தப் பட்டியல்களில் மின்னஞ்சல் இருக்கவில்லை. அலுவலர் பேச்சைச் சொந்த டொமைனில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

அதற்கு, சொந்தச் சேர்வரில் ஓட்டக்கூடிய இரண்டு செய்தி முறைகள் போட்டி போடுகின்றன. 1999இல் ஜாபராகத் தொடங்கிய எக்ஸ்எம்பிபி. 2014இல் வந்த மேட்ரிக்ஸ். மேட்ரிக்ஸுக்கு எலிமென்ட் என்ற அழகான செயலி உண்டு, பழைய உரையாடல் தேடுவதும் வசதி. ஆனால் அதன் சினாப்ஸ் சேர்வர் வெளியுலகின் பெரிய அறை (உரையாடல் குழு) ஒன்றில் சேர்ந்தாலே பல ஜிபி நினைவகம் கேட்கும். எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் தொடங்கிவிட்டுப் பிறகு மாற்றுவது தலைவலி. முதல் நாளே போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தைப் போடுங்கள். சேர்வர் பெயரைப் பின்னால் மாற்றவே முடியாது. மறைகுறியாக்கிய செய்திகளைத் திறக்கும் மீட்புச் சாவியைத் தொலைத்தவர் பழைய செய்திகளை இழப்பார், 40 பேரில் பாதிப்பேர் தொலைப்பார்கள் என்று எடுத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

எக்ஸ்எம்பிபியின் புரொசொடி சேர்வர் 40 பேருக்கு 512 எம்பி நினைவகத்தில் ஓடும். இணைப்பு அறுந்து திரும்பும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும் நீட்சி (0198) கிண்ணியாப் பாலம் தாண்டிப் போகும் பஸ்ஸில் கைகொடுக்கும். அதோடு 0280, 0313, 0363 என்ற எண் கொண்ட நீட்சிகள் மூன்றும் இயங்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கருவியில் வந்த செய்தி மற்றதில் வராது, படமும் போகாது. செயலி, அன்ட்ரொய்டில் கான்வர்சேஷன்ஸ், ஐபோனில் மோனல். பற்றரிச் சேமிப்புப் பட்டியலிலிருந்து செயலியை விலக்காவிட்டால் செய்தி அரைமணி தாமதித்து வரும், பழி சேர்வர் மேல் விழும். தோற்றம் கொஞ்சம் பழசு. இருந்தாலும் எங்கள் வாக்கு இதற்கே.

எஸ்எம்எஸ்ஸைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருமலைக்கு வடக்கே கரையேறியதைப் போன்ற நாளில் தரவு இணைப்பு இல்லாத சாதாரணத் தொலைபேசிக்கும் போய்ச் சேர்வது அதுதான். ஆனால் தமிழில் ஒரு எஸ்எம்எஸ் 70 குறியெண். பல துண்டானால் துண்டுக்கு 67. ‘திருகோணமலை’ கண்ணுக்கு 6 எழுத்து, கணக்குக்கு 10. எச்சரிக்கை 140 குறியெண் என்றால் 3 துண்டு, 1200 பேருக்கு 3600 கட்டணம். ஆறே குறியெண் குறைத்து 134க்குள் எழுதினால் 2400. புயல் வரும்முன் வாசகங்களை எழுதி எண்ணி வைத்துக்கொள்ளலாம்.

மாறும் நாள்

டொமைனின் அஞ்சல் எந்தச் சேர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது எம்எக்ஸ் பதிவு. அதை மற்றச் சேர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் ஆயுள் 86400 விநாடி என்றிருந்தால், மாற்றத்துக்கு இரண்டு நாள் முன்பே 300ஆகக் குறையுங்கள். ஐமேப்சிங்க் என்ற நகலெடுப்பு மென்பொருள் மூலம் பெட்டிகளை முன்வாரமே நகலெடுங்கள். எம்எக்ஸ் மாற்றிய பிறகு இன்னொரு தடவை ஓட்டினால் இடையில் விழுந்தவை வந்துவிடும். அச்சுப்பொறியின் ஸ்கேன் அஞ்சல், சம்பளப் பட்டியல் மென்பொருள், இணையத்தளப் படிவம் மூன்றும் பழைய கடவுச்சொல்லோடு எங்கோ ஒளிந்திருக்கும், தேடிப் பிடியுங்கள். சம்பளத்தை இறுதி வாரத்தில் போடுகிற சங்கமானால் மாற்றத்தை மாதத்தின் இரண்டாம் வாரச் சனிக்கிழமைக்கு வையுங்கள், பழைய பெட்டியை அடுத்த மாதச் சம்பளம் போய்ச் சேரும்வரை மூடாதீர்கள்.