டொமைன் பெயர் காலியா? டி.என்.எஸ்., ஹூயிஸ், ஆர்டாப்: ஸ்கிரிப்ட் எதைக் கேட்க வேண்டும்

இலங்கையின் மருதமுனையில் கைத்தறிச் சாரம் (லுங்கி) விற்கும் கடைக்கு டொமைன், அதாவது இணைய முகவரிப் பெயர், தேடினால் ஒரு பெயரோடு வேலை முடியாது. ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போதே 'த'வுக்கு டி மட்டுமா, டி-எச்சா, கடைசி 'னை'க்கு ஏ-ஐயா, வெறும் ஐயா என்று பிரிந்துவிடும். இணைகோடு போட்டது, போடாதது எல்லாம் சேர்த்து 40 வடிவங்கள் என்று வைப்போம். .காம், .எல்கே இரண்டிலும் பார்க்க 80 வினவல்கள். ஸ்கிரிப்ட் இல்லாமல் சரிவராது.

வேகத்தில் டி.என்.எஸ்.தான், அதாவது டொமைன் பெயரை இணைய முகவரி எண்ணாக மாற்றும் அமைப்புதான், முதல். டி.என்.எஸ்.ஸிடம் கேட்கும் டிக் கட்டளையால் என்.எஸ். பதிவை (பெயருக்கான வழங்கிகளின் பட்டியலை) கேட்டால் 80 பெயரும் சில நொடிகளில் முடியும். பெயர்வழங்கிகள் வந்தால் அந்தப் பெயரை யாரோ எடுத்துவிட்டார்கள். ஆனால் என்.எக்ஸ்.டொமைன் ('அப்படியொரு பெயர் இல்லை' என்ற பதில்) வந்தால் காலி என்று எழுதிவிடக் கூடாது. பெயர்வழங்கி கொடுக்காமல் பதிந்த பெயருக்கும், 'ஹோல்ட்' நிலையில் நிறுத்திவைத்த பெயருக்கும் அதே பதில்தான் வரும். டிக் என்.எக்ஸ்.டொமைனுக்கும் வெளியேறு குறியீடு 0 (கட்டளை வெற்றி என்ற அடையாளம்) தருவதால், பதிலின் ஸ்டேட்டஸ் வரியைத்தான் படிக்க வேண்டும்.

ஹூயிஸ் என்பது பெயர் யாருடையது என்று கேட்கும் பழைய முறை, 43ஆம் போர்ட்டில் வெறும் உரையாகப் பேசுவது. ஒரு பதிவகம் (ஒரு பின்னொட்டின் பெயர்களை வைத்திருக்கும் நிறுவனம்) 'நோ மேட்ச்' என்னும், இன்னொன்று 'நாட் ஃபவுண்ட்' என்னும். சொல் தேடும் கட்டளையான கிரெப்பில் ஒரு சொல்லை மட்டும் தேடும் ஸ்கிரிப்ட், 'அளவு மீறிவிட்டது' என்ற பதிலையும் 'எடுக்கப்பட்டது' என்றே எழுதிவிடும். 2025 ஜனவரி 28க்குப் பிறகு .காம் போன்ற பொதுப் பின்னொட்டுகளுக்கு ஹூயிஸ் கட்டாயமும் இல்லை. புதிதாக எழுதுபவர் இதில் நேரம் செலவிட வேண்டாம்.

ஹூயிஸுக்குப் பதிலாக வந்த ஆர்டாப், எச்.டி.டி.பி.எஸ். வழியாக ஜேசன் (நிரல் எளிதில் படிக்கும் தரவு வடிவம்) தருகிறது. 200 வந்தால் பதிவாகியிருக்கிறது, 404 வந்தால் பதிவில் இல்லை. எந்தப் பின்னொட்டுக்கு எந்த வழங்கி என்பதை பின்னொட்டுகளை நிர்வகிக்கும் ஐயானாவின் பட்டியல் கோப்பிலிருந்து எடுக்கலாம். 200 வந்தாலும் ஸ்டேட்டஸைப் பாருங்கள்: .காம் பெயர் 'பெண்டிங் டிலீட்' (நீக்கத்துக்குக் காத்திருப்பது) என்றிருந்து, கூடவே 'ரிடெம்ப்ஷன் பீரியட்' (மீட்புக் காலம்) இல்லையென்றால் சுமார் 5 நாளில் விடுபடும். 429 என்றால் வேகம் கூடிவிட்டது, ஒவ்வொரு வினவலுக்கும் இடையில் 2 நொடி விடுங்கள். கல்லடியிலோ கல்முனையிலோ மொபைல் இணைப்பில் ஓட்டும்போது தொடர்பு அறுந்தால், வினவலை அனுப்பும் கர்ல் கட்டளை பதில் குறியீடாக 000 தரும். 200, 404 தவிர்ந்த எல்லாம் 'தெரியவில்லை' என்ற மூன்றாவது பிரிவுக்குப் போக வேண்டும். இந்தப் பிரிவு இல்லாத ஸ்கிரிப்ட்தான் பொய் சொல்லும். தமிழெழுத்துப் பெயர்களையும் .இலங்கையையும் அனுப்புமுன் பியூனிகோடுக்கு (ஆங்கில எழுத்து வடிவத்துக்கு) மாற்றுங்கள்.

404 வந்த பெயரும் ஒதுக்கப்பட்டதாகவோ பிரீமியம் விலையிலோ இருக்கலாம். ஸ்கிரிப்டுக்கு அதைச் சொல்வது பதிவாளரின் (பெயரை விற்கும் நிறுவனத்தின்) ஏ.பி.ஐ., அதாவது நிரல்கள் கேட்கும் வழி. கணக்கும் சாவியும் வேண்டும் என்பதால் மிஞ்சும் நாலைந்து பெயருக்கு மட்டும் போதும்.

ஆக, டி.என்.எஸ்.ஸால் சல்லடை, ஆர்டாப்பால் தீர்ப்பு. ஐயானாப் பட்டியலில் இல்லாத பின்னொட்டு எதுவானாலும் 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள். .எல்கே பெயரை வாங்குமுன் எல்கே டொமைன் பதிவகத்தின் தேடல் பக்கத்தில் கையால் ஒருமுறை பாருங்கள்.