சுஃப்ரேன் வீதி பிரெஞ்சு வகுப்பு: யாருக்குக் கட்டுப்படியாகும்?

புதுச்சேரியில் ஒருவர் புதிதாக ஒரு மொழி படிக்கலாமா என்று யோசித்தால், வீட்டிலேயே பிரெஞ்சு என்று முடிவாகிவிடும். போலீஸ்காரர் தலையில் சிவப்புக் கெப்பி, தெருப் பலகையில் வீதியைக் குறிக்கும் ‘ரூ’, பக்கத்து வீட்டில் பிரெஞ்சுப் படையில் இருந்தவருக்கு வரும் ‘சொல்தா’ பென்ஷன். இந்த ஊர்ப்பாசம் வகுப்பில் சேரக் காரணமாகலாம், தேர்வில் மார்க் வாங்கித் தராது. 1889 முதல் இங்கே இயங்கும், சுஃப்ரேன் வீதியில் உள்ள பிரெஞ்சு மொழி மையமான அலியான்ஸ் பிரான்சேஸில் பணம் கட்டும் முன், கையில் வரப்போகும் சான்றிதழ் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று பார்த்துவிடுங்கள்.

அங்கே படிப்பவர்கள் வழக்கமாக எழுதுவது டெல்ஃப் (DELF) என்ற பிரெஞ்சு அரசின் மொழித் தேர்வு. நிலைகள் ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறிக்கொண்டே போகும். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மார்க். மொத்தம் 50 எடுத்தால் பாஸ். ஆனால் ஒரு பகுதியில் 5-க்குக் கீழே இறங்கினால் மற்ற மூன்றில் எவ்வளவு எடுத்தும் பயனில்லை. சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. பிரான்சில் மேற்படிப்புக்கோ, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவரை மணந்து அங்கே குடியேறவோ போகிறவர்களுக்கு இதுவே சரியான பாதை. 2026 ஜனவரி முதல் அங்கே பத்தாண்டு வசிப்பு அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 கேட்கிறார்கள். முன்பு குடியுரிமைக்கே பி1 போதும் என்றிருந்தது. பழைய கணக்கை நம்பி பி1-உடன் நிறுத்திவிட வேண்டாம்.

கனடா கனவு உள்ளவர்கள் இங்கே கவனிக்கவும். அங்கே குடியேற விண்ணப்பிக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு டெல்ஃப் செல்லாது. டெஃப் கனடா (TEF Canada) அல்லது டிசிஎஃப் கனடா (TCF Canada) என்ற வேறு பிரெஞ்சுத் தேர்வு வேண்டும், அந்த மதிப்பெண் இரண்டு வருடம்தான் நிற்கும். படித்த மொழி எங்கும் போகாதுதான். ஆனால் தேர்வின் வடிவம் வேறு: டிசிஎஃப் கனடாவில் கேட்டல் மட்டும் 35 நிமிடத்தில் 39 கேள்விகள். அதற்கெனத் தனிப் பயிற்சி வேண்டும், கட்டணமும் தனி.

நேரக் கணக்கு: ஏ1-க்கு 60 முதல் 100 வகுப்பு மணி, அடியிலிருந்து பி2 வரை சுமார் 560 முதல் 650. வாரம் ஆறு மணி என்றால் ஏ1-க்கு நான்கு மாதம், பி2-க்கு விடாமல் இரண்டு வருடம். கடலூரிலிருந்து ஒரு பக்கமே 20 கிலோமீட்டருக்கு மேல் பஸ். தினம் ஒன்றரை மணி வகுப்பில் சேர்ந்தால் படித்த நேரத்தைவிட ஈசிஆரில் உட்கார்ந்த நேரம் அதிகமாகிவிடும். வாரக்கடைசியில் நீளமான வகுப்பு உண்டா என்று முதலில் கேளுங்கள்.

தமிழ்க்காரர்கள் மார்க்கை விடுவது பெரும்பாலும் காதிலும் வாயிலும்தான். உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளும் பழக்கமே முதல் எதிரி. ரொட்டிக்கும் (pain) குளியலுக்கும் (bain) உள்ள வித்தியாசம் பிரெஞ்சில் முதல் ஒலியில்தான் இருக்கிறது. நோட்டில் இரண்டும் ‘பேன்’. ஏ1 பேச்சுத் தேர்வில் கடைக்காரரிடம் பொருள் வாங்குவது போல் ஒரு கட்டம் உண்டு, அங்கே போய்க் குளியல் கேட்டால் தேர்வாளர் சிரிப்பை அடக்கப் பாடுபடுவார். அடுத்தது மூக்கொலி. ‘வான்’, ‘வோன்’ என்று எழுதினால் ஒரு ‘ன்’ ஒட்டிக்கொள்ளும். பிரெஞ்சில் நாக்கு அந்த ‘ன்’னைத் தொடவே கூடாது. இது நமக்குப் புதிதும் அல்ல: ‘வந்தான்’, ‘மரம்’ என்று பேச்சில் வேகமாகச் சொல்லும்போது கடைசி மெய் மூக்கோடு நின்றுவிடுகிறதே, அதேதான். ‘நீ’ என்பதற்கான ‘த்யு’வுக்கு வாய்க்குள் ‘இ’ சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் ‘உ’வுக்குக் குவிக்க வேண்டும். குவிக்காவிட்டால் ‘தீ’, நாக்கைப் பின்னிழுத்தால் ‘எல்லாம்’ என்று பொருள் தரும் ‘தூ’.

எண்கள் தனித் தலைவலி. 70 என்பது அறுபதும் பத்தும், 80 என்பது நான்கு இருபது, 97 என்றால் நான்கு இருபதும் பதினேழும். கேட்டல் தேர்வில் தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வார்கள். ‘நான்கு’ காதில் விழுந்ததும் 4 எழுதிவிட்டால் தொலைந்தது. (ஒன்பது பத்தைத் ‘தொண்ணூறு’ என்று சொல்லும் நாம் அதிகம் குறைசொல்லவும் முடியாது.) அஃறிணைக்குப் பால் பார்த்துப் பழகாத நமக்கு மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பது மனப்பாடம்தான், சொல்லுக்கு முன் வரும் ‘ல’ (ஆண்பால்), ‘லா’வை (பெண்பால்) சேர்த்தே படிக்கவும். பிரெஞ்சிலும் உள்ள ‘நீ’, ‘நீங்க’ வித்தியாசம் மட்டும் உழைக்காமல் கிடைத்த வரவு.

நர்சிங் முடித்தவருக்குப் பிரெஞ்சைவிட ஜெர்மன் நல்ல முதலீடு. ஜெர்மனியில் செவிலியராகப் பதிய பொதுவாக பி2 கேட்பார்கள். ஜெர்மன் மொழிக்கான கோத்தே நிறுவனத்தின் பி1, பி2 தேர்வுகளில் நான்கு பகுதிகளும் தனித்தனி, ஒவ்வொன்றிலும் 60 வேண்டும், விட்ட பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம். டெல்ஃபில் இந்த வசதி இல்லை. ஆனால் கோத்தே நிறுவனத்துக்குச் சென்னை போக வேண்டும்.

இலக்கணம் வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டுமானால் ஜப்பானியம். ‘நான் புத்தகத்தைப் படிக்கிறேன்’ என்பதை அதே வரிசையில் சொல்வார்கள், நம் ‘ஐ’ இருக்கும் இடத்தில் அவர்களுக்கு ‘ஒ’. கஷ்டமெல்லாம் எழுத்தில்: ஹிரகானா 46, கடகானா 46, அதற்கு மேல் ‘கான்ஜி’ (kanji) எனும் சீன வழி எழுத்துகள். ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும் ஜேஎல்பிடி (JLPT) என்ற ஜப்பானியத் தேர்வின் தொடக்க நிலையான என்5-க்கு 180-ல் 80 வேண்டும், ஆனால் பேசவோ எழுதவோ சொல்வதில்லை. சான்றிதழோடு வாய் திறக்காமல் நிற்பவர்கள் உருவாவது இப்படித்தான். இந்திக்கு தட்சிண பாரத இந்தி பிரசார சபாவின் பரிச்சய் தேர்வு முதல் பிரவீண் தேர்வு வரை பழைய வரிசை இருக்கிறது. தேர்வுக்கு நல்லது, டெல்லியில் ஆட்டோ பேரம் பேச உதவாது.

பிளஸ் டூவில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்தவர்கள் நேராக ஏ2-வில் உட்கார நினைப்பார்கள். பள்ளியில் படித்தது பெரும்பாலும் எழுத்துதான், காது பழகியிருக்காது. சேரும்போது நிலை பார்க்கும் சோதனை கேளுங்கள், அதில் கேட்டலும் பேச்சும் இருக்கிறதா என்றும் கேளுங்கள். எழுத்துத்தாளை மட்டும் பார்த்து ஏ2-வில் சேர்த்தால், முதல் வாரத்திலேயே ஆசிரியர் பேசுவது புரியாமல் பின்பெஞ்சுக்குப் போய்விடுவீர்கள்.