சாலையா, மின்சாரமா, இணையமா: சிறுதொழிலுக்கு எது முதலில்?

மூன்றுக்கும் சேர்த்துச் செலவழிக்கப் பணம் இல்லை, ஒன்றைத்தான் முதலில் செய்ய முடியும் என்றால், நான் தடங்கலில்லாத மின்சாரத்தைத்தான் கேட்பேன். சாலை கேட்பவர்களே அதிகம் என்பது தெரியும்.

சாலையின் பலனை மறுக்கவில்லை. இந்தியாவில் தில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவை இணைக்கும் தங்க நாற்கரச் சாலை மேம்பட்டபின், அதன் வழியில் இருந்த நகரங்களின் ஆலைகள் மூலப்பொருள் கையிருப்பை 6 முதல் 12 நாள் உற்பத்திக்கு ஆகும் அளவு குறைத்துக்கொண்டன. சரக்கு சொன்ன நாளில் வந்துசேர்ந்தால் கிடங்கில் முதல் முடங்காது. கைமுதல் குறைந்தவருக்கு அது பெரிய விஷயம். ஆனால் நம் சரக்கு வெளியே போகும் அதே வழியில்தான் பெரிய ஆலையின் மலிவுச் சரக்கும் உள்ளே வரும். சீனாவில் நெடுஞ்சாலை வந்த பெருநகரங்களுக்கு வெளியே உள்ள பல மாவட்டங்களில், வராத மாவட்டங்களைவிட வளர்ச்சி குறைந்தது. இந்தியாவில் 2000-இல் தொடங்கிய கிராமச் சாலைத் திட்டத்திலும், ஆட்கள் விவசாயத்தை விட்டு வேறு வேலைக்குப் போக வழி பிறந்த அளவுக்கு ஊருக்குள் தொழில் பெருகவில்லை.

மின்சாரத்தில் கதை வேறு. கரண்ட் போனால் பெரிய ஆலை ஜெனரேட்டரைப் போட்டுக்கொள்ளும். ஜெனரேட்டர் சிறிதாகச் சிறிதாக, யூனிட்டுக்கு ஆகும் செலவு ஏறும். ஆகவே நான்கு பேர் வேலை செய்யும் பட்டறை பெரும்பாலும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு உட்கார வேண்டியதுதான். கூலி, வாடகை, வட்டி மூன்றும் நிற்காது. முன்கூட்டி நேரம் சொல்லி நிறுத்தினாலாவது வேலையை மாற்றி வைக்கலாம். சொல்லாமல் நின்றால் பாதி முடிந்த பொருள் பாழ். வோல்டேஜ் இறங்கி ஏறினால் மோட்டாரும் போகும். மின்தடையின் அடி சிறியவர் மேல்தான் அதிகம் விழுகிறது. அதனால்தான் என் முதல் ஓட்டு இதற்கு.

இணையமும் கைப்பேசியும் இரண்டாவது. 1997 முதல் 2001 வரை கேரளக் கடற்கரையில் கைப்பேசிச் சேவை பரவியபோது, மீனவர்கள் கடலில் இருந்தபடியே எந்தத் துறையில் வாங்க ஆள் இருக்கிறது என்று கேட்டுக் கரை சேர்ந்தார்கள். விற்காமல் மீன் வீணாவது ஏறக்குறைய நின்றது. அவர்கள் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குவோருக்கு விலை சுமார் 4 சதவீதம் குறைந்தது.

ஒரு விதிவிலக்கு உண்டு. மழைக்காலத்தில் வண்டியே உள்ளே வர முடியாத இடமென்றால் என் வரிசை செல்லாது. அங்கே முதலில் சாலைதான். அதுவும் நெடுஞ்சாலை அல்ல, பட்டறை வாசல் வரை வரும் அந்தக் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர்.