பனிப்பறவையா, இரும்புப்பறவையா? டச்சுச் சொற்பிறப்புத் தளம் ஒன்றின் மதிப்புரை

நம் குளக்கரைகளிலும் காணக்கூடிய சிறு மீன்கொத்திக்கு டச்சு மொழியில் ஐஸ்ஃபோஹல் என்று பெயர். ஐஸ் என்றால் அங்கும் பனிக்கட்டிதான். ஃபோஹல் என்றால் பறவை. நீர்நிலை உறைந்துவிட்டால் மீன் கிட்டாமல் மடிந்துபோகும் பறவை இது. 1962–63 கடுங்குளிரில் நெதர்லாந்தில் இதன் எண்ணிக்கை பெரிதும் சரிந்தது. தன்னைக் கொல்லும் பனியின் பெயரை அது எப்படிப் பெற்றது என்ற கேள்வியோடுதான் எடிமொலொஹீபாங்க் தளத்தைத் திறந்தேன்.

மொழியியலாளர் நிகோலின் ஃபான் டெர் செய்ஸ் தொகுத்து 2010இல் வெளிவந்த இத்தளத்துக்குக் கட்டணம் இல்லை. ஒரு சொல்லைத் தேடினால், 1912இல் வந்த பழைய அகராதி முதல் 2003–2009 காலத்தில் நான்கு தொகுதிகளாக வந்த அகராதி வரை, அச்சொல்லைப் பற்றி எவை பேசுகின்றனவோ அவற்றின் பதிவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வருகின்றன. பறவைப் பெயர்களுக்கென்றே கிளாஸ் ஐகன்ஹாய்ஸ் எழுதிய 2004ஆம் ஆண்டு அகராதியும் இதில் அடக்கம் என்பதே என்னைப் போன்ற பறவை நோக்கருக்குப் பெரிய வரவு.

ஐஸ்ஃபோஹலைப் பொறுத்தவரை வழக்கு இன்னும் தீரவில்லை. குளிர்காலத்தில் உறையாத நீரைத் தேடி ஊர்ப்பக்கம் வருவதால் கண்ணில் பட்டு அப்பெயர் பெற்றது என்பது ஒரு கட்சி. பழைய ஆங்கிலத்தில் இப்பறவையின் பெயர் இரும்பைக் குறிக்கும் சொல்லின் வடிவிலேயே இருப்பதைக் காட்டி, உலோகம்போல் மின்னும் முதுகால் இரும்புப்பறவை என வழங்கியதே பின்னர் மக்கள் வாயில் பனிப்பறவையாகத் திரிந்தது என்பது மறுகட்சி. எனக்கு இரண்டாவதே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. ஆனால் நீலமும் பச்சையுமாக ஒளிரும் முதுகில் இரும்பைக் கண்டவர் கண் எப்படிப்பட்டதோ! தளம் தன் சார்பில் தீர்ப்பு எதுவும் சொல்வதில்லை. நூறாண்டு இடைவெளியுள்ள கருத்துகள் ஒரே பக்கத்தில் சம உரிமையோடு நிற்பதால், ஆண்டைப் பார்த்துப் படிக்கும் பழக்கம் இல்லாதவர் கைவிடப்பட்ட விளக்கத்தையே நம்பிவிடக்கூடும்.

தன் குரலாலேயே பெயர் பெற்ற ஹ்ருட்டோ போன்ற பறவைகளுக்கு இவ்வளவு அகராதிகள் தேவையில்லை. சிக்கலான பெயர்களுக்கு இதைவிட வசதியான இடத்தை நான் அறியேன். பதிவுகள் டச்சு மொழியில்தான் உள்ளன. முழுப் பக்கத்தையும் மொழிபெயர்ப்புக் கருவியிடம் கொடுத்தால், விவாதத்துக்குரிய பெயரையே அது மீன்கொத்தி என்று மாற்றிவிடக்கூடும் என்பதால், தலைச்சொல்லை முதலில் தாளில் குறித்துக்கொள்வது நல்லது.